படிக்கட்டுக்கு இரண்டு மெழுகுவத்திகள்

கண்ணாடிக்கடையின் முன்பக்கம் முழுக்க விளக்கும் பளபளப்பும். பின்பக்கம் ஒரு சின்ன அறை. அவருடைய வாழ்க்கையில் பாதிக்கு மேல் அந்த அறையில்தான் கழிந்தது. முன்னால் இருப்பவர்கள் சிரித்துப் பேசி வாடிக்கையாளரை ஃபிரேம் தேர்ந்தெடுக்க வைப்பார்கள். பின்னால் அவர் லென்ஸை அந்த ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துக் கொடுப்பார். சுழலும் சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தொட்டியில் வெள்ளைச் சேறு படியும். நாற்காலியை விட்டு எழாமலே எல்லாம் கைக்கு எட்டும்படி அடுக்கி வைத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமைதான் உடம்பில் சர்க்கரையாகச் சேர்ந்துவிட்டது என்பார் மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அவர் மனைவி.

நடக்காவிட்டால் மாத்திரை போய் ஊசி வரும் என்று டாக்டர் பயமுறுத்தி அனுப்பினார். பூங்காவில் நடந்து பார்த்தார். நாலு நாளில் வெறுத்துவிட்டது.

"செக்கு மாடு மாதிரி அதே மரத்தை எத்தனை தடவை பார்க்கிறது? கிளம்பின இடத்துக்கே வர்றதுக்கு எதுக்குக் கிளம்பணும்?"

"அப்ப எங்கயாவது போய்ட்டுத்தான் வாங்களேன்," என்றார் மனைவி. "ஊருக்கு வெளிய அந்தப் பழைய மாதா கோயில் இருக்கே, அங்க போங்க. போக வர அரை நாள் ஆகும். எனக்கும் வீட்டைப் பெருக்க இடம் கிடைக்கும்."

அப்படித்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. கடைசி பஸ் நிறுத்தம் தாண்டி, செங்கல் சூளை தாண்டி, வயல்களுக்கு நடுவே மண்பாதை. அது ஒரு மேட்டில் ஏறி முடிகிற இடத்தில் கோயில். கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நாலு கல் சுவர்தான். குனியாமல் நுழைந்தால் வாசல் நிலை தலையைப் பதம் பார்க்கும். எப்போதோ ஒரு கொள்ளைநோயில் ஊர் பாதி காலியானபோது, பிழைத்தவர்கள் கல் சுமந்து கட்டியது என்று நிலைக்கல்லில் செதுக்கியிருந்தது. உள்ளே சுவரோரம், கால் குணமானவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்கள் சாத்தியிருந்தன. முழந்தாளிட்டு முழந்தாளிட்டுப் பலிபீடத்தின் முன்னால் கல்லே குழிந்திருந்தது. மாதாவின் முகம் பல காலத்துப் புகையில் கறுத்துப் போய், சிரிக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. சாவி மேட்டின் அடியில் இருக்கும் ஒரே வீட்டில், மாடு வளர்க்கும் அம்மாளிடம் இருக்கும். கேட்டால் கொடுப்பார்.

அவர் பக்தர் இல்லை. கடவுள் இல்லையென்று வாதாடுகிற ஆளும் இல்லை. போவார், பெஞ்சில் உட்கார்ந்து சட்டையின் ஈரம் காய்கிறவரை காத்திருப்பார், திரும்புவார். ஆனால் தெரு அதை அப்படிப் பார்க்கவில்லை. வாரம் தவறாமல் அவ்வளவு தூரம் நடந்து போகிற மனிதருக்கு மாதாவிடம் தனிச் செல்வாக்கு இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டது. முதலில் ஒரு மெழுகுவத்தியைக் கையில் திணித்தவர் மேல்வீட்டு நர்ஸம்மா. கேட்ட மருத்துவமனைக்கே மாற்றல் வேண்டும் என்று கேட்கச் சொன்னார். சொல்லிவைத்தாற்போல் அடுத்த வாரமே மாற்றல் வந்துவிட்டது. அத்தோடு அவர் மாட்டிக்கொண்டார்.

மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகப்பிரசவம், தொலைந்த நாய், நிற்காத இருமல். கடையில் முன்னால் நின்று விற்கிற பெண்கூடப் பின்னறைக்கு வந்து ஒரு மெழுகுவத்தியை வைத்துவிட்டு, "எதுக்குன்னு கேக்காதீங்க சார், மாதாவுக்குத் தெரியும்," என்று போனாள். யார் எதைக் கேட்டார்கள் என்பது பாதி வழியிலேயே அவருக்கு மறந்துவிடும். எல்லாவற்றையும் வரிசையாக ஏற்றிவிட்டு, "இது மேல்வீட்டுல சொன்னது, இது கடைல சொன்னது, இது எதிர்வீட்டுல," என்று முணுமுணுப்பார். மாதாவுக்கு முகவரி தெரிந்தால் போதும், மற்றதை அங்கேயே விசாரித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு.

ஒரு நாள் மனைவி கேட்டார்: "ஊருக்கெல்லாம் கேக்கறீங்க. நமக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"கேட்டு, நடக்கலேன்னு வை. அப்புறம் அங்க போக மனசு வராது. நடை நின்னுடும். டாக்டர் ஊசியைத் தூக்கிட்டு வருவாரு."



அதே தெருவில் அண்ணன் தம்பி இருவர். அண்ணனுக்கு அச்சகம், தம்பிக்கு டயர்க்கடை. அப்பா விட்டுப்போன வீட்டில் மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு. அதுவரை சரி. மாடிக்குப் போகிற படிக்கட்டு தம்பியின் முற்றத்தில் இருந்ததுதான் தலைவலி. யார் எப்போது முதலில் என்ன சொன்னார்கள் என்று அவர்களுக்கே ஞாபகமில்லை. தம்பி முற்றத்துக்குக் கம்பிக்கதவு போட்டு இரவானால் பூட்டினார், அண்ணன் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தி அதைவிட அதிகக் காலம் ஆகியிருந்தது.

தீர்ப்பு நெருங்குகிற சமயம், அண்ணன் கண்ணாடிக்கடைப் பின்னறைக்கு வந்து ஒரு மெழுகுவத்தி கொடுத்தார். "படிக்கட்டு எனக்கே வரணும்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்." மறுநாள் தம்பி கண்ணாடிக்காரர் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, படிக்கட்டு நம்ம பக்கம்தான்னு மாதாகிட்ட ஒரு வார்த்தை." இருவரிடமும் அவர் தலையை ஆட்டி வைத்தார். முடியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

துணி காயப்போடும்போது தம்பி மனைவி பெருமைக்காக மெழுகுவத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டார். அண்ணன் மனைவி சும்மா இருப்பாரா? ஞாயிறு காலை கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தபோது ஒரு பக்கம் அண்ணன் பளபளக்கும் ஷூவோடு நின்றார். மறுபக்கம் தம்பி சைக்கிளோடு நின்றார்.

"நானும் வரேன்," என்றார் அண்ணன். "நீங்க என்ன சொல்றீங்கன்னு நானே காதால கேக்கணும்."

"நானும்தான்," என்றார் தம்பி.

அவர் நடுவில் நடந்தார். இடதுபுறம் அண்ணன், வலதுபுறம் தம்பி, தம்பிக்கு அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு வருகிற சைக்கிள். வண்டி வந்தால் மூவரும் ஒதுங்கி, மறுபடி அதே வரிசைக்கு வருவார்கள்.  சூளை தாண்டியதும் அண்ணன் ஆரம்பித்தார்.

"கண்ணாடிக்காரரே, அந்தப் பக்கம் வர்ற ஆள்கிட்ட சொல்லுங்க, மணியை அடிச்சி உயிரை வாங்க வேண்டாம்னு."

"வழில ஆடு நிக்குதுண்ணே. நான் ஆட்டுக்கு அடிச்சேன். அவர் ஏன் திரும்பிப் பார்த்தாராம்?"

"ரெண்டு பேருக்கும் காது கேக்குது இல்ல? நடுவுல நான் எதுக்கு?" என்றார் அவர். அதை மட்டும் இருவரும் காதில் வாங்கவில்லை.

மேடு ஏறும்போது அண்ணனின் ஷூ ஒன்று பாதி அடி பிளந்து வாயைத் திறந்தது. நடந்து பழக்கமில்லாதவர், பளபளப்புக்காகவே வைத்திருந்த ஷூ. யாரிடமும் உதவி கேட்காமல், ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். தம்பி சைக்கிளைச் சாய்த்து வைத்தார். கேரியரில் சுற்றியிருந்த பழைய டியூப் துண்டை உருவி எடுத்தார். அண்ணன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"காலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கண்ணே."

"தூக்குங்க," என்றார் அவர்.

அண்ணன் தூக்கினார். உடம்பு தள்ளாடியது. பிடிக்க வேறொன்றும் இல்லாமல் தம்பியின் தோளைப் பிடித்தார். முடிச்சுப் போட்டு முடிகிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது. மூவரும் மேலே ஏறினார்கள்.

உள்ளே போனதும் யாருடைய மெழுகுவத்தியை முதலில் ஏற்றுவது என்று அடுத்த தகராறு. "நான் மூத்தவன்," என்றார் அண்ணன் சுவரைப் பார்த்து. "இப்ப முற்றத்துக் கதவுச் சாவி யார் கைல இருக்குன்னு கேளுங்கண்ணே," என்றார் தம்பி கூரையைப் பார்த்து. அவர் இரண்டு மெழுகுவத்தியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, மாடு வளர்க்கும் அம்மாள் காலையில் ஏற்றிவைத்திருந்த விளக்கின் சுடரில் ஒன்றாகக் காட்டினார். இரண்டும் ஒரே நேரம் பற்றின. வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அண்ணன்.

"நீங்க சொன்னதையும் சொன்னேன், அவர் சொன்னதையும் சொன்னேன். இனிமே மாதா பாடு."

திரும்பும்போது டியூப் முடிச்சு அவிழ்ந்துபோயிற்று. தம்பி சைக்கிளை அண்ணன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, நேராகப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறச் சொல்லுங்க," என்று இந்த முறை தம்பி கண்ணாடிக்காரரிடம் சொல்லவில்லை.  அண்ணன் கேரியரில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். சரிவில் சைக்கிள் வேகமெடுத்துப் போயிற்று. கண்ணாடிக்காரர் தனியாக வீடு வந்து சேர்ந்து மனைவியிடம் சொன்னார்: "கேஸ் முடிஞ்சுது. வாபஸ் வாங்கிடுவாங்க பாரு."

வாபஸ் எதுவும் நடக்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கு இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள். கடைசியில் படிக்கட்டு இருவருக்கும் பொது என்று தீர்ப்பு வந்தது. இருவரும் தோற்றுவிட்டதாகவே நினைத்தார்கள்.

"ஒண்ணா ஏத்தினீங்க, பொதுன்னு வந்துடுச்சு," என்றார் அண்ணன், பின்னறை வாசலில் நின்றபடி. "தனியா ஏத்தியிருந்தா எனக்கு வந்திருக்கும்." தம்பி தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் கண்ணாடிக்காரர் மேல் இருந்த கோபம்தான். அதைப் பற்றி அவர்கள் படிக்கட்டில் நின்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள் என்று நர்ஸம்மா வந்து சொன்னார். நேருக்கு நேராகவா என்று மனைவி கேட்டார். ஆமாம், ரொம்ப நேரம் என்றார் நர்ஸம்மா.

அதற்குப் பிறகு தெருவில் அவர் பெயர் கெட்டுவிட்டது. காரியத்தைப் பாதியில் விடுகிற ஆள் என்று பேச்சு. மெழுகுவத்திகள் குறைந்தன, பிறகு அறவே நின்றன. கடைப் பெண் மட்டும் இன்னொரு முறை கொடுத்தாள், அப்புறம் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவருக்கு முதலில் கை காலியாக இருந்தது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. உள்ளே போனால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஊன்றுகோல்களைப் பார்த்தார். ஒன்று மிகவும் குட்டையாக இருந்தது, குழந்தையுடையது. இத்தனை நாள் வந்தும் அதைக் கவனித்ததில்லை. எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

மழைக்காலத்தில் பாதை மூழ்கியது. வரப்பு மேலேறிச் சுற்றிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு போய்ச் சாவி கேட்டார்.

"இந்த மழைல என்ன வேண்டுதல் ஐயா?" என்றார் மாடு வளர்க்கும் அம்மாள்.

"வேண்டுதல் ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்றார் அவர்.

அந்த அம்மாள் சாவியோடு ஒரு பழைய சாக்கையும் மடித்துத் தலைக்குக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதைப் போர்த்திக்கொண்டு மேட்டில் ஏறினார்.