தண்ணி ஊத்தீட்டீங்களா?

மில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இனி எழுதியே பிழைப்பது என்று நான் முடிவு செய்த நாளிலிருந்து மாமனார் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் செய்தது அதைவிட மோசம். தாராபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனால், வாசலில் நிற்கும் என்னைப் பார்த்துக்கொண்டே மகளிடம், "வெய்யல்ல வந்திருக்காரு, மோர் வேணுமான்னு கேளு அம்மணி" என்பார். அவளும் என் பக்கம் திரும்பி, "மோர் வேணுங்களா?" என்பாள். வேணும் என்று நான் அவளிடம் சொல்வேன். உப்பும் பெருங்காயமும் அளவாகப் போட்ட அருமையான மோர் வரும். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பீளமேட்டு மில்லில் ஆபீஸ் வேலை என்று சொல்லித்தான் எங்கள் வீட்டார் பெண் கேட்டிருந்தார்கள். இப்போது "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்று ஊரில் யாராவது கேட்டால், "எழுதறாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாராம். ஊர்க்காரர்கள் நான் பத்திரம் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருமுறை நான் போனபோது, பாகப்பிரிவினைக் காகிதங்களோடு ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். மாமனார் அவரிடம் எதையும் விளக்கவில்லை. மாப்பிள்ளை கதை எழுதுகிறார் என்பதைவிட அது அவருக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

கதையை நம்பி அடுப்பு எரியாது என்பது எனக்கும் சீக்கிரமே தெரிந்துபோனது. கேட்டதையெல்லாம் எழுதினேன். ஆர்.எஸ்.புரம் நகைக்கடைக்குத் தீபாவளி நோட்டீஸ், கல்யாண வாழ்த்துமடல், பள்ளிக்கூட ஆண்டுவிழா மலருக்குத் தாளாளரே எழுதியது போல ஒரு முன்னுரை. "இன்னிக்கு யாரா இருந்தீங்க?" என்று சாயங்காலம் மனைவி கேட்பாள். தாளாளராக இருந்தேன் என்பேன். "அப்ப நான் எந்திரிச்சு நிக்கோணுமுங்களா?" என்பாள். அவள் மட்டும் இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் மில்லுக்கே திரும்பிப் போயிருப்பேன்.

அப்படித்தான் மோட்டார் வேலையும் வந்தது. பீளமேட்டில் சின்னதாக ஒரு பம்ப்செட் கம்பெனி நடத்திவந்தவர், மோட்டாரோடு வைத்துக் கொடுக்கிற விளக்கத் தாளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். "தண்ணி ரொப்பாம ஓட்டி எரிச்சுப்போட்டு, மோட்டார் செரியில்லைன்னு தூக்கிட்டு வந்தர்றாங்க. குடுக்கற தாளை ஒருத்தரும் படிக்கறதில்லீங்க" என்றார். நான் என் புலமையை எல்லாம் இறக்கி, 'இயக்குவதற்கு முன் உறிஞ்சு குழாயில் நீர் நிரப்பப்பட்டுள்ளதா என்பதை உறுதி செய்யவும்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இதையும் படிக்கமாட்டாங்க" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் கத்தினேன். தமிழ் தெரியாதவனெல்லாம் கம்பெனி நடத்துகிறான் என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, செய்யவும், திறக்கவும், மூடவும்னு இதென்ன போலீஸ் ஸ்டேஷனுங்களா? எங்கப்பாகிட்டச் சொல்றாப்பல எழுதிப் பாருங்க."

"உங்கப்பாதான் எங்கூடப் பேசறதே இல்லையே."

"அவருதான பேசறதில்லை. நீங்க பேசறதுக்கென்ன?"

எனக்குச் சுருக்கென்றது. நானும் அதுவரை ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேனாவை எடுத்து, மாமனார் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். 'மோட்டாரைப் போடறதுக்கு முன்னால தண்ணி ஊத்தீட்டீங்களா? குமிழி நிக்கற வரைக்கும் ஊத்துங்க. அவசரப்படாதீங்க.' ஒன்றைக் கேட்டு, அவர் பதில் சொல்ல நேரம் விட்டு, அடுத்ததைக் கேட்டேன். அதை எழுதியபோது இருந்த சந்தோஷம் எந்தக் கதையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கம்பெனிக்காரர் படித்துச் சிரித்துவிட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். அதன்பிறகு கிரைண்டர்காரர்களும் என்னைத் தேடி வந்தார்கள்.

அடுத்த கோடையில் மாமனாரின் பழைய மோட்டார் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இந்தக் கம்பெனி மோட்டாரை வாங்கச் சொன்னது என் மனைவிதான். அதோடு வரும் தாளை எழுதியது யார் என்பதை மட்டும் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. மெக்கானிக் மாட்டிவிட்டுப் போன மறுநாள் நாங்களும் அங்கே இருந்தோம். காலையில் மூணு பேஸ் கரண்டு வந்ததும் அவர் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போனார். "அப்பாவுக்குக் காப்பி குடுத்துட்டு வாங்க" என்று டம்ளரை என் கையில் திணித்தாள் மனைவி.

ரூம் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. மாமனாருக்கு மனதுக்குள் படித்துப் பழக்கமில்லை, எதையும் சத்தமாகத்தான் படிப்பார். சுவிட்சுப் பெட்டியின் மேல் தாளைச் செருகி வைத்திருந்தார்.

"தண்ணி ஊத்தீட்டீங்களா?" என்று படித்தார். கொஞ்சம் நிறுத்தி, "ஊத்தீட்டனுங்க" என்றார்.

"குமிழி நின்னுருச்சுங்களா?" குனிந்து பார்த்தார். "நின்னுருச்சுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக என்னிடம் பேசாத மனிதர், நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கம் முடிந்துவிட்டது. இரண்டு கையும் ஈரம், ஒன்றில் ஸ்பேனர் வேறு. தாளைத் திருப்ப முடியாமல் நின்றார். அடுத்த வரி எனக்கு மனப்பாடம்.

"வெளிக்குழாய் வால்வை மூடி வெச்சுட்டீங்களா?" என்றேன் வாசலில் இருந்தபடி.

"மூடிட்டனுங்க" என்றவர் அதன்பிறகுதான் திரும்பினார். என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பதிலைச் சொல்லி அனுப்ப ஆள் தேடுகிறவர் போல என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மகள் அங்கே இல்லை.

"அடுத்ததச் சொல்லுங்க மாப்ளே" என்றார்.