சட்டைப்பையில் இருந்த ஃபியூஸ்

ஐடெல்லா கிராண்டலுக்கு அறுபத்தெட்டு வயதிலும் தலைமுடி குறையவில்லை. நரைத்ததே தவிர கொட்டவில்லை. அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தொடும். வேறு ஊராக இருந்தால் நாலு பெண்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள். அரிசோனாப் பாலைவனத்தில், குழாய் என்பதே இல்லாத அரசாங்க நிலத்தில், வீடாகவே இருக்கிற ட்ரெய்லர் வண்டியை நிறுத்திக் குளிர்காலத்தைக் கழிக்கிற கூட்டத்துக்கு நடுவே அந்த முடி ஒரு குற்றம். இதை அலச எவ்வளவு தண்ணீர் ஆகும் என்றுதான் பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றும். அவள் புருஷன் ஹாலிஸ் தோன்றியதை வாய்க்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"மொட்டை அடிச்சிக்கோயேன். வாரத்துக்கு ஒரு குடம் மிச்சம்" என்பான், நாலு பேர் இருக்கும்போது.

அவள் ஒஹையோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் காலம் தள்ளியவள். வேலை நாளெல்லாம் முழங்கை வரை வெந்நீரில் இருந்த கைகள். வீட்டில் பழைய இரும்புக் குளியல் தொட்டி ஒன்று இருந்தது. வேலை விட்டு வந்ததும் அதில் கழுத்து வரை இறங்கி, தண்ணீர் ஆறும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். ஹாலிஸுக்கு ரயில்வேயில் ஓய்வு கிடைத்ததும் வீட்டை விற்றான். "இனிமே ஊர் ஊரா சுத்தலாம், எவனுக்கும் வரி கட்ட வேணாம்" என்றான். வீட்டோடு தொட்டியும் போயிற்று. அவள் அன்றைக்கே ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம், பேசவில்லை. வாயில்லாப் பூச்சி என்று அவளைச் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை.

ட்ரெய்லரில் கட்டிலுக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. நூற்றைம்பது லிட்டர் பிடிக்கும். அதை நிரப்ப வெள்ளைக் குழாய். கக்கூஸ் தொட்டியை அலச வேறு குழாய். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைப்பவன் வீட்டில் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் காபி குடிக்க மாட்டார்கள். குடிக்கிற தண்ணீர் தனியாக நீல கேன்களில் இருக்கும். ஒவ்வொரு கேனிலும் ஹாலிஸ் நாள்வாரியாக டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தான். தட்டுகளை முதலில் காகிதத்தால் வழித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். குளிக்கும்போது சூடேறுவதற்கு முன்னால் வருகிற பச்சைத் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து அதில் காபி போட வேண்டும். உடம்பை நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசினால் குளியல் முடிந்தது. இதெல்லாம் அங்கே எல்லோரும் செய்வதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஹாலிஸ் செய்தது எல்லோரும் செய்வது இல்லை. தண்ணீர் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கதவுக்குப் பக்கத்தில், தரையோரமாக இருந்த பெட்டியில் அது செருகியிருக்க வேண்டும். நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு. அது இல்லாவிட்டால் பம்பு ஓடாது, பம்பு ஓடாவிட்டால் எந்தக் குழாயிலும் சொட்டு வராது. தண்ணீர் வேண்டுமென்றால் ஐடெல்லா அவனைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அவன் உடனே தரமாட்டான், சட்டைப்பையைத் தட்டிக் காட்டிக்கொண்டே, "மகாராணிக்கு என்ன வேணும்?" என்பான்.

எல்லாம் ஒரு போட்டிக்காக. ஒரு தடவை நிரப்பிய தொட்டியை வைத்து எவன் அதிக நாள் ஓட்டுகிறானோ அவனுக்கு அந்த வருஷம் 'ஒட்டகம்' என்று பட்டம். துருப்பிடித்த குழாய் ஒன்றைப் பலகையில் ஆணியடித்துப் பரிசாகக் கொடுப்பார்கள். பக்கத்து ட்ரெய்லர் போடீன் மூன்று வருஷமாக அதைத் தன் ஜன்னலில் மாட்டி வைத்திருந்தான். ஹாலிஸ் காலையில் கதவைத் திறந்தால் அதுதான் கண்ணில் படும். வயதான ஆண்களுக்கு வேலை இல்லாமல் போனால் என்னென்ன கிறுக்கெல்லாம் பிடிக்கிறது!

அந்த ஜனவரியில் ஹாலிஸ் போடீனின் நாள் கணக்கை நெருங்கிக்கொண்டிருந்தான். ஐடெல்லா தலைக்குத் தண்ணீர் விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. அப்போதுதான் கிங்மேன் ஊரிலிருந்து ஃபோன் வந்தது. அவளுடைய ஒரே தங்கை வெர்லா செத்துப்போனாள். சனிக்கிழமை அடக்கம்.

ஐடெல்லா அழுது முடித்துவிட்டு அவனிடம் வந்தாள்.

"ஹாலிஸ், தலை குளிச்சிட்டுப் போறேன். இந்தத் தலையோட அவ முகத்தைப் பார்க்க முடியாது."

"அவளா உன் தலையைப் பார்க்கப் போறா?"

"ஒரே ஒரு தடவை. கேக்கிறேன்ல."

அவன் வானத்தைப் பார்த்தான், தாடையைச் சொறிந்தான், பிறகு பெரிய மனசு பண்ணி ஃபியூஸை எடுத்துக் கொடுத்தான். அவள் உள்ளே போய் அதைச் செருகிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தினாள். ஆப்பிள் வாசனை ஷாம்பூ, தங்கை கிறிஸ்துமஸுக்கு அனுப்பியது. தலையை நனைத்து முடி முழுக்கத் தேய்த்தாள், நுரை தோள் வரை வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஒரு தடவை துப்பிவிட்டு நின்றுபோனது. வெளியே டப்பென்று ஃபியூஸ் பெட்டி மூடுகிற சத்தம்.

"ஹாலிஸ்! இன்னும் அலசலை!"

"நனைச்சாச்சுல்ல? துண்டால துடை, போதும். பம்பு ஓடின ஓட்டத்தைக் கேட்டியா? என் வயித்தைக் கலக்குது."

"கண்ணு எரியுது ஹாலிஸ்."

"நான் விறகு பொறுக்கப் போறேன்."

டிரக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நீல கேன்கள் டிரக்கின் பின்னால்தான் இருந்தன. துண்டை உடம்பில் சுற்றிக்கொண்டு, நுரையும் தலையுமாகப் போடீன் வீட்டுக் கதவைத் தட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம்தான் அவளைக் கெடுத்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து, கெட்டில் அடியில் மிச்சமிருந்த காபித் தண்ணீரால் கண்ணை மட்டும் கழுவினாள். முடியைத் துண்டால் பிழிந்து, காயவிட்டு, கொண்டை போட்டுக் கறுப்புத் துணியால் மூடினாள்.

சனிக்கிழமை கிங்மேனில் கல்லறைத் தோட்டத்தில் தூறல் போட்டது. அந்தப் பக்கத்தில் மழை பெய்வதே அபூர்வம், அன்றைக்கென்று பெய்தது. பாதிரியார் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். கறுப்புத் துணி நனைந்து முடியில் ஈரம் இறங்கியதும் உள்ளே இருந்த ஷாம்பூ உயிர் பெற்றது. முதலில் காதோரம் வெள்ளையாக ஒரு கோடு. பிறகு நெற்றியில். பிறகு பிடரி வழியாகக் கறுப்புக் கோட்டின் கழுத்துப்பட்டையில் நுரை நுரையாக இறங்கியது. ஆப்பிள் வாசனை எல்லோர் மூக்குக்கும் எட்டியது. வெர்லாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அவர்கள் தோள்கள் குலுங்கின. அவர்களுடைய அம்மா ஐடெல்லாவின் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள். ஐடெல்லாவால் தங்கைக்காக அழக்கூட முடியவில்லை. அழுதால் கண்ணைத் துடைக்க வேண்டும், துடைத்தால் சோப்பு கண்ணுக்குள் போகும்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஹாலிஸ் அதைச் சொன்னான். சொல்லாமல் இருப்பானா? நின்றுகொண்டு, கையை ஆட்டி, நுரை வழிந்ததை நடித்துக் காட்டினான்.

"நான் அலச விடலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா. கடைசியில கடவுளே வந்து அலசி விட்டாரு! என் தொட்டியில ஒரு சொட்டு குறையலை!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். போடீன் தொடையைத் தட்டிச் சிரித்தான். அவன் மனைவி ட்வைலா, 'பாவம்யா' என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். பிறகு போடீன் ஒரு சட்டம் பேசினான்.

"யோவ் ஹாலிஸ், நீ ஊர்ல இல்லாத ரெண்டு நாளைக் கணக்குல சேக்கக் கூடாதுய்யா."

"சேரும். தொட்டி இங்கதானே இருந்துச்சு? என் மச்சினிச்சி செத்தும் எனக்கு உதவி பண்ணிட்டா, உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

மறுபடியும் சிரிப்பு. ஐடெல்லா நெருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிஷத்தில் அவள் புருஷனை வெறுத்தாள். அதற்கு முன்னாலும் வெறுத்திருக்கிறாள், ஆனால் அடுத்த வேளைச் சமையலில் அது கரைந்துவிடும். இது கரையவில்லை.

ஹாலிஸ் ஜெயித்தான். ஜெயித்த கையோடு ஊருக்குப் போய்க் கேன்களையெல்லாம் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு வந்தான். நிரம்பிய கேன் இருபத்தைந்து கிலோ இருக்கும். அந்த வயதுக்காரர்கள் முக்கால் கேன்தான் தூக்குவார்கள். ஒட்டகம் ஆனவன் முக்கால் கேனா தூக்குவான்? டிரக்கின் பின்னாலிருந்து கேனை இறக்கும்போது சறுக்கி, கேன் மேலேயே விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. தண்ணீர் முழுக்க மணலில் போனது. வலியில் கத்தும்போதும் அவன் "மூடியைப் போடு, மூடியைப் போடு" என்றுதான் கத்தினான்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கொஞ்சநாள் வைத்திருந்து, யாராவது பிடித்தால்தான் எழுந்து நிற்பான் என்ற நிலையில் அனுப்பிவைத்தார்கள். அவன் துணிகளை ஒரு பையில் போட்டு ஐடெல்லாவிடம் கொடுத்தார்கள். சட்டைப்பையைத் துழாவினாள். ஃபியூஸ் இருந்தது. அதை எடுத்துத் தன் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் டிரக் ஓட்டியது அவள், தொட்டியை நிரப்பியது அவள், கேன் தூக்கியது அவள், முக்கால் முக்காலாக. ஹாலிஸைக் கட்டிலில் படுக்க வைத்தாள், வேளைக்கு மாத்திரை, சூப் கொடுத்தாள், புண்ணுக்குக் கட்டு மாற்றினாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர் மட்டும் அவன் ஒட்டிய டேப் கோட்டின்படி ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தேன், ஐடெல்லா. நாக்கு வறளுது."

"கோடு நீ போட்டதுதானே?"

பரிசு கொடுக்கிற நாள் வந்தது. கூட்டம் முழுக்க அவன் ட்ரெய்லருக்கு வந்து கொடுக்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஹாலிஸுக்குப் பரபரப்பு தாங்கவில்லை. வாரக்கணக்கில் குளிக்காத உடம்பு, தலை எண்ணெய்ப் பிசுக்கில் நாறியது. போடீன் கையால் அந்தக் குழாயை வாங்கும்போது மனுஷனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவன் வாழ்க்கையில் வேறு எதற்காகவும் அவளிடம் அப்படிக் கெஞ்சியதில்லை.

"தலை மட்டும் குளிப்பாட்டிவிடு. கும்பிட்டுக் கேக்கிறேன், ஐடெல்லா."

"அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சு" என்றாள்.

ட்ரெய்லருக்கு வெளியே, வெயில் படுகிற பக்கம், நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். வெளிச்சுவரில் ஒரு சின்னக் கதவுக்குள் கைக்குழாய் இருக்கும், கால் மணல் கழுவ வைத்தது. அதில் வெந்நீர் விட்டுத் தலையை நனைத்தாள். ஆப்பிள் ஷாம்பூவைக் கொட்டித் தேய்த்தாள். நன்றாகத்தான் தேய்த்தாள், சமையலறையில் கரி பிடித்த அண்டாவைத் தேய்த்த கை அது. நுரை புருவத்தைத் தாண்டி இறங்கியது. ஹாலிஸ் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, சொர்க்கம்டி" என்றான். அவள் கைக்குழாயை அதன் கொக்கியில், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினாள். உள்ளே போய் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

"ஐடெல்லா? ஐடெல்லா, தண்ணி!"

அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. போடீன் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தான், பின்னால் ஒரு பட்டாளம். நாற்காலியில் நுரை மூட்டையாக ஒரு தலை, திறக்க முடியாத இரண்டு கண்கள். ஒரு விநாடி எல்லோரும் நின்றார்கள். ஐடெல்லா படியில் நின்று ஸ்வெட்டர் பையைத் தட்டிக் காட்டினாள்.

"நனைச்சாச்சு. அது போதும்னு அவர் சட்டம். பம்பு ஓடினா வயித்தைக் கலக்குமாம்."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. போடீன் பலகையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ட்வைலா, "பாவம்யா, பாவம்யா" என்று சொல்லிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்கு ஐடெல்லாவைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள், அதே சத்தம். அவர்களுக்கு யாராக இருந்தால் என்ன? ஐடெல்லாவுக்கு அது நெஞ்சுக்குள் தேனாக இறங்கியது. வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை.

போடீன் துருப்பிடித்த குழாயை ஹாலிஸின் மடியில் வைத்தான். "ஒட்டகத்துக்கு வாழ்த்துக்கள்யா. கண்ணைத் திறந்து பாரு." ஹாலிஸ் கண்ணைத் திறக்காமலேயே அதைத் தடவிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டம் காபிக்கு நேரமாகிறது என்று கலைந்துபோனது. ஒருவர்கூட அவன் தலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றவில்லை. அடுத்தவன் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த மரியாதை.

"எரியுது, ஐடெல்லா. ஐயோ, தாங்கலை. அலசிவிடு."

"மழை வரும், இரு. எனக்கு வந்துச்சே."

வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அவள் உள்ளே போனாள். ஃபியூஸைச் செருகினாள், குளியலறைக்குள் நுழைந்து, முடியை அவிழ்த்து, குழாயை முழுக்கத் திறந்தாள். நிறுத்தவே இல்லை. நனைத்தாள், தேய்த்தாள், அலசினாள், மறுபடி தேய்த்தாள், மறுபடி அலசினாள். குளித்த தண்ணீர் போய்ச் சேருகிற கழிவுத் தொட்டி நிரம்பித் தண்ணீர் காலடியில் ஏறி, விரல்களை மூடி, கணுக்காலைத் தொட்டது. அவள் நகரவில்லை.

வெளியே ஹாலிஸுக்குக் கண் தெரியவில்லை, காது கேட்டது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மடியில் குழாயை வைத்துக்கொண்டு, "நிறுத்து, நிறுத்துடி" என்று அவன் சுவரைக் குத்திக்கொண்டே இருந்தான். கடைசியில் தொட்டி வறண்டு, பம்பு வெறும் காற்றை உறிஞ்சிக் கடகடவென்று அலறியது. அதையும் அவள் உடனே நிறுத்தவில்லை.