அரைஞாணும் மின்சாரப் பட்டையும்

தியாகராய நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தே என் கணவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒரு மின்சாரப் பட்டை கொடுத்தார். வயிற்றில் கட்டி சுவிட்சைப் போட்டால் கரண்ட் தசையை இழுத்து இழுத்து விடுமாம்; ஓடாமலே உடம்பு இறுகுமாம். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்.

என் கணவர் வாட்ச், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றினார். இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணில் கை வைத்ததும் மாமியார் பதறினார்.

"ஏல, செத்தவனுக்குத்தாம்ல அரைஞாணை அவுப்பாவ!"

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்று நானும் சொன்னேன்.

சுவிட்சைப் போட்டதும் அவர் வாய் கோணியது. விளையாடுகிறார் என்று சிரித்தேன். வயிறு இறுகிப்போய் அவருக்குச் சத்தமே வரவில்லை. கருகிய வாடை வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். பட்டைக்கு அடியில் வெள்ளி சதையோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தபோது மாமியார் சாவு வீட்டில் அழுவதுபோல் அழுதார்.

என் கணவர் பிழைத்துக்கொண்டார். தழும்பு இருக்கிறது.

போன மாதம் எனக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது உலோகத்தைக் கழற்றச் சொன்னார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றி மாமியாரிடம் நீட்டினேன். தடுக்காமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.