அத்தை திட்டிய வீடியோ

எத்தனையோ மாதங்கள் என் ஓவியங்களைப் படமெடுத்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பால் வெட்டும் கித்தா மரம், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடு, பத்து காஜா ஊர்ப் பக்கம் செம்பனைக்குள் தனியாக நிற்கும் தோட்டத்துக் கோயில் என்று வரைந்து தள்ளினேன். கூடப் படித்தவர்கள் ஓர் இதயம் போட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் வியாபாரம்.

அன்று ஈப்போ வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு பசுவை வரைந்துகொண்டிருந்தேன். எதிரே கைப்பேசி படம் பிடித்துக்கொண்டிருந்தது. என் மாமியார் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"அடியே, இது மாடா, லோரியா? காலையிலேர்ந்து இதே வேலைலா ஒனக்கு. சோறு யாரு ஆக்குறது, ஒங்கப்பனா?"

சோறு எப்போதோ ஆகிவிட்டது. ஆக்கியவர் அவர்தான். நான் வரையட்டும் என்று பிள்ளையையும் அவரே பார்த்துக்கொண்டார். லயத்தில் வளர்ந்த வாய். பிரியம் வந்தால் வசவுதான் வரும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த வாயில் ஒரு கவளம் திணித்தார். இணையத்தில் போடுமுன் வீடியோவைச் சரிசெய்தபோது சிரிப்பையும் கவளத்தையும் வெட்டி எறிந்தேன், திட்டை மட்டும் வைத்தேன். நீளம் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய்.

மறுநாள் ஊரே கொதித்தது. 'பாவம் இந்தப் பொண்ணு.' 'இந்தக் கெழவிங்க திருந்தாதுங்க.' 'தங்கச்சி, அந்த மாட்டுப் படம் எனக்கு.' பாகான் செராயிலிருந்து கேட்டார்கள், சிங்கப்பூரிலிருந்து கேட்டார்கள். என் அத்தை அப்படிப்பட்டவர் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதினேனா? கைகூப்பும் பொம்மையைப் போட்டு முகவரி கேட்டேன். சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்!

கோயில் அன்னதானத்தில் ரசம் ஊற்றப் போன அத்தையிடம் யாரோ ஒரு பெண், "ஏங்க்கா, மருமகள இப்படியா வதைக்கிறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அந்த வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலை என்னிடம், "டீ இங்க வைக்கலாமாம்மா?" என்றார், விருந்தாளி போல. அதோடு வீட்டில் வசவு நின்றது. திட்டு வாங்காமல் எனக்கு ஒரு கோடுகூட ஒழுங்காக வரவில்லை.

படங்கள் மறுபடி தேங்கின. ஒரு சாயங்காலம் அவரே எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான் திட்டினாதான் வாங்குறாங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல அத்தை..."

"பொய் சொல்லாதம்மா. போனை வை, திட்டுறேன். எனக்கு ஒண்ணும் கொறஞ்சி போயிடாதுலா."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் போனை நிமிர்த்தி வைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓவியத்தைப் பார்த்தார்.

"இது... இது மாடா?"

குரலே எழும்பவில்லை.

"கொஞ்சம் சத்தமா, அத்தை," என்றேன்.