சுண்டுவிரலில் தூக்கிய பெட்டி

தாராவிப் பட்டறையிலிருந்து முதல் துணிப்பெட்டி மாட்டுங்கா கடைக்கு வந்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பம்பாயில், அறுபதுகளின் நடுப்பகுதி. பி.ஏ. முடித்துவிட்டு அந்தக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். அதுவரை விற்றதெல்லாம் தகரப் பெட்டியும் தோல் பெட்டியும்தான். காலியாக இருக்கும்போதே தோளை இறக்கிவிடும். இதுவோ கான்வாஸ் துணி, ஓரத்தில் ரெக்ஸின், மூன்று பக்கமும் ஜிப். உள்ளே மரமும் இல்லை, இரும்பும் இல்லை. சுண்டுவிரலில் மாட்டித் தூக்கினேன்.

கடையும் பட்டறையும் திருநெல்வேலிக்காரரான ஒரு பாய்க்குச் சொந்தம். "ஏ தம்பி, தூக்கிக்கிட்டே நிக்காதடே, வித்துக் காட்டு!" என்றார்.

அன்று மாலையே ஒரு மாமி தன் மகள் லலிதாவுடன் வந்தார். லலிதா லண்டனில் இருக்கும் கணவரிடம் போகிறாள். பிள்ளையுண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு மாமியால் அங்கே போக முடியாது. விமானத்தில் இருபது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள்.

"இந்தப் பெட்டிக்குன்னு எடையே கிடையாது மாமி. வேணுங்கிறதைத் தாராளமா வைங்கோ!"

"ஜிப்பு தாங்குமா?"

"யானையை வெச்சாலும் தாங்கும்."

லலிதா சிரித்தாள். "அப்போ நீயும் உள்ளே உக்காந்துடும்மா."

தகரப் பெட்டி நிறைந்தால் மூடி மூடாது. போதும் என்று தெரிந்துவிடும். துணிப்பெட்டி திணிக்கத் திணிக்க வாங்கிக்கொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியும். விற்கிற வேகத்தில் சொல்லவில்லை.

லலிதா கிளம்பிய அன்று, எங்கள் பெட்டி விமானம் ஏறுவதைப் பார்க்க சாந்தாகுரூஸ் விமான நிலையத்துக்கு நானும் போனேன். தராசில் வைத்ததும் முள் இருபதைத் தாண்டி ஓடியது. கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்ட அவர்களால் முடியாது. கவுண்டரில் இருந்தவர், "ஜல்தி கரோ, மேடம்" என்று அவசரப்படுத்தினார்.

நான்தான் ஜிப்பைத் திறந்தேன். மேலேயே பிரசவ லேகியம் நிறைந்த பீங்கான் ஜாடி. யாரையும் கேட்காமல் வெளியே எடுத்தேன். எப்படியாவது எங்கள் பெட்டி விமானம் ஏறியாக வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"அதை உள்ளே வைங்கோ. அங்கே யார் எனக்குக் கிளறித் தருவா?" என்றாள் லலிதா. அடியில் கைவிட்டுப் பட்டுப் புடவைகளை ஒவ்வொன்றாக உருவி அம்மாவின் கையில் போட்டாள்.

"கூறைப்புடவைடீ, அது!"

"நீ பத்திரமா வெச்சுக்கோம்மா."

முள் இருபதில் வந்து நின்றது. நான் பந்தயத்தில் ஜெயித்தவனைப் போலக் கைதட்டினேன். பக்கத்தில் மாமி கை நிறையப் பட்டுடன் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன்.

விஷயம் கேட்டு பாய், "நீ பெட்டியை வித்தியா, வாயை வித்தியாடே?" என்றார். அதற்குப் பிறகு, கொண்டுபோகிற சாமான்களைக் கடைக்கே எடுத்துவரச் சொல்லி, அடுக்கி, தராசில் தொங்கவிட்டுக் காட்டாமல் ஒரு துணிப்பெட்டிகூட நான் விற்றதில்லை. இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்: காலிப் பெட்டியின் எடையைச் சொல்லி விற்காதீர்கள்.

சில நாள் கழித்து மாமி கடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தகரப் பெட்டிகளைக் காட்டி, "அதுல நல்ல கெட்டியா ஒண்ணு எடுங்கோ" என்றார்.

"அது கனமாச்சே, மாமி."

"இருக்கட்டும். அந்தப் புடவைகளை வைக்கத்தான். எங்கேயும் தூக்கிண்டு போகப்போறதில்லை."