அத்தையின் மருவும் என் நான்கு மீன்களும்

தோழிகளே, நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் இனி என் மீன்களைப் பற்றி எழுத மாட்டேன். இன்று காலை நான்கும் செத்து மிதந்தன.

அப்பா பெங்களூரிலிருந்து மண்பானையில் வைத்து ரயிலில் கொண்டுவந்த சிவப்புக் கெண்டைகள். புழக்கடையில் புதிதாகக் கட்டிய தொட்டியில், மீன் வளர்ப்புப் புத்தகத்தில் சொன்னபடியே அளந்து இரை போட்டு ஒரு மாதம் வளர்த்தேன்.

இன்று நீர் கலங்கி, தொட்டி விளிம்பெல்லாம் எறும்பு மொய்த்திருந்தது. சங்ககிரியிலிருந்து வந்து தங்கியிருக்கும் அத்தையைக் கேட்டேன்.

"ஏனுங்கத்தை, தொட்டியில என்னங்க போட்டீங்க?"

"வெல்லந்தான் சாமி, முந்தாநேத்து பத்து அச்சு. கழுத்துல மரு இருக்குதல்ல? கோயில் குளத்துல வெல்லங் கரைச்சா மருவும் கரைஞ்சிரும். ஊட்டுலயே குளம் இருக்கறப்ப கோயிலுக்கு எதுக்கு நடக்கோணும்?"

"மீனெல்லாம் செத்துப்போச்சுங்க."

"மீனுதானே? உங்கொப்பன் வேற வாங்கியாருவான். படிக்கற புள்ள இதுக்கா அழுவறது?"

அப்பா பக்கத்தில்தான் நின்றார். தன் அக்காவை அவர் எதிர்த்துப் பேசுவதில்லை.

மீன்களை முருங்கையடியில் புதைத்துவிட்டு வந்தேன். அத்தை கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரு அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது மரு இருந்தால் எழுதுங்கள், அவர்களை இங்கே அனுப்பியும் வையுங்கள். தொட்டி காலியாகத்தான் இருக்கிறது.