வர்றேன் என்று சொல்லாத அண்ணன்

அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்து, புலாவ் உபின் தீவில் வளர்ந்தார். கல் குவாரியில் வேலை. 'போயிட்டு வர்றேன்' என்று ஊருக்குப் போன அப்பா அங்கேயே காலமானார். அன்றிலிருந்து அண்ணன் யாரிடமும் 'வர்றேன்' என்று சொன்னதில்லை. எங்கிருந்து கிளம்பினாலும் மொட்டையாக 'போறேன்' என்பார்.

தீவில் அது யாருக்கும் உறுத்தவில்லை. பூனை ஏறாமல் படகை எடுக்காத மலாய்க்காரரும், மழையிலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சீனக் கடைக்காரரும் வாழ்ந்த இடம் அது. அவர்களோடு அண்ணனும் ஒருவர்.

திருமணமாகி நான் தீவைவிட்டு நகரத்துச் சிராங்கூன் ரோட்டுக்கு வந்தபோதுதான் வெட்கம் பிடித்துக்கொண்டது. என்னைக் கட்டிக்கொடுத்ததே அண்ணன்தான். ஆனால் கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் சபை நடுவே கும்பிட்டு, "நான் போறேன்" என்றார். மாமியாரின் முகம் சுண்டிவிட்டது.

நான் வாசல்வரை ஓடினேன். "சும்மாவாச்சும் வர்றேன்னு சொல்லுங்கண்ணே. எனக்கு மானம் போவுது."

"எப்ப வருவேன்னு எனக்கே தெரியாதும்மா. தெரியாம எப்படிச் சொல்றது?"

அதன்பிறகு அவர் வாசல் வழியாக வரவே இல்லை. டுரியான் பழக் காலத்தில் பின்சந்துக் கதவைத் தட்டிக் கூடையைக் கொடுப்பார், 'போறேன்' என்பார். உள்ளே யாருக்கும் கேட்கவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால் இன்று கூசுகிறது.

சென்ற ஆண்டு நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைக்கமாட்டார் என்று டாக்டர் அவரிடமே சொல்லியிருந்தார். மாமியாரும் நானும் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, அண்ணன் மெல்லத் தலையைத் தூக்கி மாமியாரைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்கம்மா. உடம்பு தேறுனதும் வீட்டுக்கு வர்றேன்."

மாமியார் மகிழ்ந்துபோனார். வழியெல்லாம், "உங்கண்ணன் எவ்வளவு மரியாதையாப் பேசுறாரு, பாத்தியா" என்றார். நான் தலை நிமிரவில்லை. எனக்குத் தெரிந்து அண்ணன் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இறுதிவரை அவருடன் இருந்த தீவு மக்களுக்கும், கட்டணம் வாங்காமல் உறவினரைத் தீவுக்கு ஏற்றி வந்த படகுக்காரருக்கும், காரியத்துக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இழவு வீட்டு வழக்கப்படி அன்று நீங்கள் எல்லோரும் 'வர்றேன்' என்று சொல்லாமலே படகேறினீர்கள். அண்ணன் இருந்திருந்தால் அதில் ஒரு குறையும் கண்டிருக்கமாட்டார்.